விழுங்கல் சாட்சி

முப்பத்தொரு வருஷம் ஒரு மனிதர் லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் அவருக்கு என்ன பெயர் மிஞ்சும்? லிஃப்ட்காரர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று ஓய்வூதிய அட்டையில் பத்திரமாக இருந்தது. எடுத்துக் கூப்பிடத்தான் ஆளில்லை. மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அக்கா ஒருத்தி தூரத்து ஊரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போட்டு, "சாப்பிட்டியாடா?" என்பாள், இவர் வாயைத் திறப்பதற்குள் தன் முழங்கால் வலியை ஆரம்பித்துவிடுவாள். முதுகெலும்பில் புற்றுநோய் வந்து குடியேறியிருப்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "முதுகு கொஞ்சம் வலிக்குதுக்கா" என்று சொல்லிவைத்தார். "வயசானா அப்படித்தான்டா, எனக்கு வலிக்கலையா?" என்று அவள் அந்த விஷயத்தை அங்கேயே முடித்துவிட்டாள்.

வலி டாக்டரம்மா அப்படி முடிக்கவில்லை. ஆஸ்பத்திரியின் கடைசிக் கட்டடத்தில், கடைசி அறையில் இருப்பவர் அவர். மற்ற டாக்டர்கள் எல்லாரும் கையை விரித்த பிறகுதான் அவரிடம் ஆள் போகும். "நோயை இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுங்க. வலியை ஏதாவது பண்ணலாம்" என்றார். "மார்ஃபின் மாத்திரை. காலையில ஏழு மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் ஏழு மணிக்கு ஒண்ணு. ஒழுங்கா போட்டுக்கிட்டா எழுந்து நடமாடலாம், உங்க வேலையை நீங்களே பாத்துக்கலாம்."

"எத்தனை நாளைக்கும்மா?"

"ரெண்டு மாசம். மூணு மாசம்."

லிஃப்ட்காரர் தலையாட்டினார். சாவைப் பற்றி அவருக்குப் பெரிய புகார் ஒன்றும் கிடையாது. ஏறினவர்கள் ஏதாவது ஒரு மாடியில் இறங்கித்தானே ஆக வேண்டும்? ஒரே ஒரு பயம்தான் அவரைப் பிடித்து ஆட்டியது. "தனியா இருக்கேம்மா. போற நேரத்துல பக்கத்துல ஒரு ஆள் இருந்தா தேவலை."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லீங்களே" என்றார்.

பார்க்கப்போனால் மற்றதற்கும் அவரிடம் மாத்திரை இல்லை. அவசரத்துக்கென்று வைத்திருந்த ஆறை எடுத்துக் கொடுத்து, சீட்டு எழுதினார். மீதி அத்தனையும் வலிநீக்கி மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருந்தது. அது எங்கே என்று கேட்டால் சிரிப்பீர்கள். லிஃப்ட்காரர் முப்பத்தொரு வருஷம் ஏற்றி இறக்கிய அதே கட்டடத்தில், ஏழாவது மாடியில்.

அங்கே இப்போது புது லிஃப்ட். முக்காலியும் இல்லை, ஆளும் இல்லை, பொத்தான்கள் மட்டும். பழக்க தோஷத்தில் லிஃப்ட்காரர் பொத்தான்களுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பின்னால் ஏறிய ஒருவர் அவர் முகத்தைப் பார்க்காமலே, "அஞ்சு" என்றார். இவரும் அமுக்கினார். அந்த வாரம் முழுக்க அவரிடம் ஒரு மனிதர் உதவி என்று கேட்டது அதுதான்.

முதல் நாள் மாத்திரை போட்டுக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு போனார். "வலி எங்கே?" என்று கேட்டார்கள். மாத்திரை போட்டதால் இப்போது இல்லை என்றார். "வலி இல்லாதவருக்கு வலி மாத்திரையா? நல்லாயிருக்கே கதை!" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் மாத்திரை போடாமல் போனார். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தவரை வாசலிலேயே காவலாளி தடுத்துவிட்டார். "பெரியவரே, இந்த நிலைமையில உங்களை மேல விட்டு ஏதாவது ஆச்சுன்னா எனக்குத்தான் தலைவலி. உடம்பு தேறினதும் வாங்க." மூன்றாம் நாளுக்கு லிஃப்ட்காரர் மூளையைக் கசக்கினார். காலை மாத்திரையை விட்டுவிட்டு, முந்தின நாள் சாயங்கால மாத்திரையை இரண்டு மணி நேரம் தள்ளிப் போட்டார். அது காவலாளியைத் தாண்டும்வரை தாங்கி, சரியாக ஏழாவது மாடியில் அவரைக் கைவிட்டது. வலியும் ஆளும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

கண்காணிப்பாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பதினொரு வருஷம், தினம் இரண்டு வேளை, இதே மனிதரோடு ஒரே பெட்டிக்குள் நின்றவர்தான் அவர். எங்கேயோ பார்த்த சாயல்கூட அந்த முகத்தில் தட்டுப்படவில்லை.

"வலியைப் பத்துக்குள்ள ஒரு எண்ணாச் சொல்லணும். எத்தனை?"

"ஏழு" என்றார் லிஃப்ட்காரர். ஏழாவது மாடியில் நின்றுகொண்டிருக்கும்போது எத்தனை என்று யார் கேட்டாலும் அவர் வாயில் அதுதான் வரும். சொன்ன பிறகுதான் உறைத்தது.

"ஏழு நடுத்தர வலி. எட்டுலேர்ந்துதான் கடுமை. நடுத்தரத்துக்கு வெந்நீர் ஒத்தடம் போதும்."

"எட்டுன்னு போட்டுக்கங்கய்யா."

"நோயாளி இஷ்டத்துக்கு ஏத்தி இறக்க இது என்ன லிஃப்டா?" என்றார் கண்காணிப்பாளர், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே.

அந்த நேரம் பார்த்து இடுப்புக்குக் கீழே ஒரு இழு இழுத்தது. லிஃப்ட்காரரின் முட்டி மடங்கியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முகம் மட்டும் வேலைநாள் முகமாகவே இருந்தது.

"மூஞ்சியில ஒண்ணுமே தெரியலையே. ஏன் கத்தல?"

"பழக்கமில்லீங்கய்யா. லிஃப்டுக்குள்ள கத்தினா ஜனங்க பயந்துடுவாங்க."

மூலையில் பதிவேடும் கையுமாக உட்கார்ந்திருந்த குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே பேசினார். "ஐயா, நான் எட்டுன்னு எழுதிட்டேன்." எழுதியதை அடிக்கக் கூடாது என்பது அந்த அலுவலகத்தில் வேதவாக்கு. கண்காணிப்பாளர் குமாஸ்தாவை ஒரு முறை முறைத்துவிட்டு, லிஃப்ட்காரருக்கு நாற்காலி காட்டினார்.

"பெரியவரே, முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். இது மருந்து கொடுக்கற ஆபீஸ் இல்ல. மருந்து தப்பான கைக்குப் போகாம தடுக்கற ஆபீஸ். சரியான கைக்குப் போகுதான்னு பாக்க வேற ஆபீஸ் வேணும், அதை இன்னும் ஆரம்பிக்கல. போன வருஷம் எங்ககிட்டேருந்து ஒரு மாத்திரைகூட தப்பான கைக்குப் போகல. எப்படி? ஒரு மாத்திரைகூட வெளியே போகவே இல்ல! மேலிடத்துல கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தாங்க."

கேடயம் பின்னால் அலமாரியில் இருந்தது. சரியப் பார்த்த மாத்திரைப் பெட்டிகளுக்கு அதை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

"இதுல ஒருதடவை மாட்டிக்கிட்டா விடாது. அடிமையாக்கிடும். நாப்பது வருஷம் கழிச்சு உங்க உடம்பு என்னாகும்னு யோசிச்சீங்களா?"

"அவ்வளவு தூரம் யோசிக்கலீங்கய்யா."

"யோசிக்கணும். சரி, மருந்தை நிறுத்தப்போற உத்தேசத் தேதி?"

"நான் போற வரைக்குங்க."

"எப்போ போறீங்க?"

"டாக்டரம்மா ரெண்டு மூணு மாசம்னாங்க."

"ரெண்டா, மூணா? ஒரு கட்டத்துல ஒரு எண்தான் எழுத முடியும். மூணுன்னு போட்டுக்கறேன், உங்க நல்லதுக்கு."

"ரொம்ப நன்றிங்க. நடுவுல திடீர்னு வலி கூடிச்சுன்னா?"

"அதுக்குத் தனி விண்ணப்பம். திடீர் வலிக்கு மூணு வேலை நாள் முன்னாடி கொடுத்துடணும்." கண்காணிப்பாளர் பக்கத்தைத் திருப்பினார். "வீட்டுச் சாட்சி யாரு? மாத்திரையை நீங்கதான் முழுங்கினீங்கன்னு யார் பாத்து கையெழுத்துப் போடுவாங்க?"

"நான்தாங்க."

"உங்களைத் தவிர?"

"வீட்டுல யாரும் இல்லீங்க."

"அதெப்படி யாருமே இல்லாம இருக்க முடியும்? படிவத்துல இடம் விட்டிருக்கே!"

இடம் விட்டிருந்தது உண்மைதான். லிஃப்ட்காரர் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து எதிர்வீட்டு அம்மாளின் கதவைத் தட்டினார். அந்த அம்மாள் சங்கிலியைக் கழற்றாமலே, "ஐயோ, கையெழுத்து கியெழுத்துன்னா எங்க வீட்டுக்காரருக்கு ஆகவே ஆகாதுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்காவுக்குப் போன் போட்டு, தூரத்திலிருந்து சாட்சி சொல்ல முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். "நீ மாத்திரை முழுங்கறதை நான் எதுக்குடா பாக்கணும்? சின்னக் குழந்தையா நீ?" என்றாள் அவள். மறுநாள் படிவத்தை அப்படியே கொண்டுபோய் மேஜையில் வைத்தார். ஆறு மாத்திரையில் ஒன்றுதான் மிச்சம் என்பதையும் சொன்னார்.

கண்காணிப்பாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பதினான்காம் விதியில் வழி இருந்தது. வீட்டில் நாதியற்ற நோயாளிக்கு அலுவலகமே ஒரு விழுங்கல் சாட்சியை அனுப்பலாம். அவர் மூலையைப் பார்த்தார். "எட்டுன்னு எழுதின மகராசன் நீங்கதானே? நீங்களே போங்க."

இப்படித்தான் சாட்சிக்காரர் வந்து சேர்ந்தார்.

லிஃப்ட்காரர் குடியிருந்தது மூன்றாவது மாடி. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டியவரின் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நாலு படி. காலை ஏழு மணிக்குக் கீழே காலடிச் சத்தம் கேட்டது. வழக்கமாக எதிர்வீட்டு வாசலில் நின்றுவிடும் சத்தம், இந்தத் தடவை இந்தப் பக்கம் திரும்பியது. ஒன்பது வருஷத்தில் தன் கதவு தட்டப்படும் ஓசை எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

சாட்சிக்காரர் ஐம்பது தாண்டியவர். கக்கத்தில் பதிவேடு, சட்டைப்பையில் டார்ச். மாத்திரையைத் தானே எடுத்துக் கொடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். "வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க. கன்னத்துக்குள்ள ஒண்ணும் ஒதுக்கலையே?" டார்ச் வெளிச்சம் தொண்டைவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். விழுங்கினதை வெளியே எடுத்துவிடாமல் இருக்க இருபது நிமிஷம் காவல் இருக்க வேண்டும். அந்த இருபது நிமிஷமும் நோயாளியோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது, பேசினால் கூட்டுச்சதி ஆகிவிடும். விதி அப்படி.

லிஃப்ட்காரருக்கு மனிதர்கள் எப்போதும் அரை நிமிஷத்துக்குத்தான் கிடைத்திருக்கிறார்கள். அந்த அரை நிமிஷமும் அவர்கள் மேலே எரியும் எண்களைத்தான் பார்ப்பார்கள். இப்போது ஒரே ஆள், முழுசாக இருபது நிமிஷம், இவரையே பார்த்தபடி. முதல் நாள் கூச்சத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. சாட்சிக்காரர் இறங்கிப் போனதும் அறை என்னவோ போல இருந்தது. சாயங்காலம் ஆறரைக்கே சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் துணிந்து கேட்டார். "டீ போடட்டுங்களா?"

சாட்சிக்காரர் பதிவேட்டைப் பிரித்துக் குறிப்புப் பத்தியில் எழுதினார். எழுதியதை நோயாளிக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று இன்னொரு விதி இருந்ததால் வாசித்தார். "நோயாளி தேநீர் வேண்டுமா என்று கேட்டார். சாட்சி வேண்டாம் என்றார்."

லிஃப்ட்காரருக்குச் சட்டென்று பிடிபட்டது. அடேயப்பா, பேசத்தானே கூடாது! எழுதி வாசிக்கலாமே! ஐந்தாம் நாள் குறிப்பு இப்படி இருந்தது: "நோயாளி மறுபடியும் கேட்டார். சாட்சி குடித்தார். சர்க்கரை சற்றுக் குறைந்தால் நலம் என்பது சாட்சியின் கருத்து." பத்தாம் நாள்: "தன் மனைவி முன்கோபக்காரி என்று நோயாளி தெரிவித்தார். தன் வீட்டிலும் அதே நிலை என்று சாட்சி பதிவு செய்கிறார்." இப்படியே வளர்ந்தது. சாட்சிக்காரர் வீட்டில் பெண், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது உருப்படி. அவர் ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்காது. அதுவும் பதிவேட்டில் ஏறியது. அலுவலகத்தில் குறிப்புப் பத்தியை ஒருவரும் படிப்பதில்லை, நீளத்தை மட்டும் பார்ப்பார்கள். நீளமான குறிப்பு என்றால் கடுமையான கண்காணிப்பு. கண்காணிப்பாளருக்குப் பரம திருப்தி.

அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதற்கு அண்டக் கொடுத்திருந்தது லிஃப்டின் பழைய வேலைப் பதிவேடு. ஒருநாள் சாட்சிக்காரர் குனிந்து அதை உருவிப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் இரண்டே பத்திகள்: ஏறியவர்கள், இறங்கியவர்கள்.

"சாயங்காலம் ரெண்டும் சரியா இருக்கணுங்க" என்றார் லிஃப்ட்காரர். "முப்பத்தொரு வருஷமும் சரியாத்தான் இருந்துச்சு. ஒருத்தர்கூட உள்ளேயே தங்கல."

சாட்சிக்காரர் அதைப் பதிவேட்டில் எழுதவில்லை. பழைய பதிவேட்டை மறுபடி நாற்காலிக்காலின் கீழ் வைத்துவிட்டு, விதியை மறந்து, "இன்னொரு டீ குடிப்போமா?" என்று வாயாலேயே கேட்டுவிட்டார்.

மாத்திரை வலியைக் கட்டி வைத்தது. ஆனால் உடம்பு உருகிக்கொண்டே போனது. டீ போடும் வேலை மெல்ல மெல்ல சாட்சிக்காரர் கைக்குப் போனது. முடிவதற்குள் போய்விடுவோம் என்று நினைத்திருந்த மூன்று மாசமும் ஓடி, மேலே பதினொரு நாளும் ஆயிற்று. ஏழாவது மாடியிலிருந்து அடிமைத்தன ஆய்வுக் குழு ஓலை அனுப்பியது.

சாட்சிக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஐம்பத்து நாலு படி இறங்கிப் போனார். குழு என்றால் கண்காணிப்பாளரும், டை கட்டிய மனநல நிபுணர் ஒருவரும்தான்.

"உத்தேசத் தேதி தாண்டி பதினொரு நாள் ஆயிடுச்சு" என்றார் கண்காணிப்பாளர். "நீங்க இன்னும் இருக்கீங்க. என்ன காரணம்?"

"மாத்திரை நல்லா கேக்குதுங்கய்யா."

"அப்போ எங்க மேல தப்புங்கறீங்களா?"

"ஐயையோ, இல்லீங்கய்யா. மன்னிச்சுக்கங்க. சீக்கிரம் பாக்கறேன்."

நிபுணர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேள்வித்தாளை எடுத்தார். "உண்மையைச் சொல்லணும். ஏழு மணி நெருங்க நெருங்க மனசு எதிர்பார்க்குதா?"

"ஆமாங்க."

"கொஞ்சம் தாமதமானா தவிப்பா இருக்கா?"

"வாசல்லயே நின்னு பாப்பேங்க."

"மத்த நேரத்துலயும் அதே நினைப்பா?"

"அதே நினைப்புதாங்க. அது ஒண்ணுதானே இருக்கு எனக்கு."

நிபுணர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கண்காணிப்பாளருக்கு முகம் வெளிறிவிட்டது. அலமாரிக் கேடயத்தைத் திரும்பிப் பார்த்தார். "முத்திப்போச்சு. முழு அடிமை. மாத்திரையை உடனே நிறுத்தணும்."

லிஃப்ட்காரர் பதறிப்போனார். "ஐயா, மாத்திரையைச் சொல்லலீங்க! மாத்திரை பாட்டுக்கு முழுங்கிடுவேன், அதுல என்ன இருக்கு? நான் சொன்னது இவரை." சாட்சிக்காரரைக் கைகாட்டினார். "இவர் வர்றதைத்தான்."

குழுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருவரும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு கண்காணிப்பாளர் எழுந்து நின்று, ஆயிரம் பேர் கூடிய மண்டபத்தில் பேசுவது மாதிரி பேசினார். "நோயாளி மருந்துக்கு அடிமையாகவில்லை என்பதை இந்தக் குழு பெருமையோடு அறிவிக்கிறது. அவர் அடிமையாகியிருப்பது சாட்சிக்கு. நம்ம அலுவலகத்தோட கொள்கை என்ன? எது அடிமையாக்குதோ அதை நிறுத்தறது. ஆகவே இன்னைக்கிலேருந்து சாட்சி நிறுத்தப்படுகிறார். மாத்திரை, ஒரு மாசத்துக்கு மொத்தமா, நோயாளி கையிலேயே கொடுக்கப்படும்!"

கூடவே 'மாதிரி நோயாளி' என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். முதல் நாள் அவர் எதைக் கேட்டு வந்தாரோ அது முழுசாகக் கிடைத்துவிட்டது. மூலையில் சாட்சிக்காரர் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஏழு என்பதை எட்டாக்கின மாதிரி இதில் எதையும் மாற்ற வழியில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு லிஃப்ட்காரர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கிக் காட்டினார். பிறகு இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். படியில் ஒரு காலடி ஏறியது, எதிர்வீட்டில் நின்றுவிட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. வலி இல்லாத உடம்போடு தனியாக இருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வலித்துக்கொண்டிருந்தால் அதுவாவது துணையாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா, "சாப்பிட்டியாடா?" என்றாள். முழங்காலை அவள் ஆரம்பிப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "அக்கா, எனக்கு ரொம்ப நாள் இல்லக்கா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எப்படிடா வருவேன்?" என்று அழுதாள். அவளைத் தேற்றுவதிலேயே மீதி நேரம் போய்விட்டது.

திங்கட்கிழமை லிஃப்ட்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு விதியைக்கூட மீறாத மனிதர், கட்டிலைப் பிடித்துக் குனிந்து, நாற்காலிக்காலின் கீழிருந்து ஒரு தாளைக் கிழித்து, மொட்டைக் கடிதம் எழுதினார். யார் மேல்? தன் மேல்தான்.

"ஐயா, மூன்றாவது மாடியில் தனியாக வசிக்கும் லிஃப்ட்காரன் என்பவன் மகா தந்திரசாலி. மாத்திரையை விழுங்குகிறானா, விற்கிறானா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அவனை நம்பக் கூடாது. உடனே ஆள் போட்டுக் கவனிக்கவும். இருபது நிமிஷம் போதாது. அனுபவம் உள்ள பழைய ஆளாக அனுப்பினால் நல்லது. இப்படிக்கு, பொதுநலம் விரும்பும் ஒருவன்."

பேப்பர்காரரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னார்.

மூன்றாம் நாள் படியே அதிர்ந்தது. கண்காணிப்பாளர் நாலு ஆட்களோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். கடைசியாக சாட்சிக்காரர், கக்கத்தில் பதிவேட்டோடு. இருந்ததே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு அடுப்பு. அதையே ஒரு மணி நேரம் சோதனை போட்டார்கள். மாத்திரைகளை மூன்று தடவை எண்ணினார்கள். ஒன்றுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் கண்காணிப்பாளர், கண்கள் மின்ன. "இவ்வளவு சுத்தமா இருக்குன்னாலே ஏதோ இருக்கு. கடிதம் எழுதினவர் சாதாரண ஆள் இல்ல, பொறுப்புள்ள மனுஷன். தாளைப் பாருங்க, அச்சடிச்ச பத்தியெல்லாம் இருக்கு. ஏதோ பெரிய ஆபீஸ்லேருந்து எழுதியிருக்கார்."

தாளை சாட்சிக்காரரிடம் நீட்டினார். அவர் வாங்கிப் பார்த்தார். எழுத்துக்குப் பின்னால் இரண்டு பத்திகள் மங்கலாகத் தெரிந்தன: ஏறியவர்கள், இறங்கியவர்கள். சாட்சிக்காரர் நாற்காலிக்காலைப் பார்த்தார். அப்புறம் லிஃப்ட்காரரைப் பார்த்தார். லிஃப்ட்காரர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், மேலே எண்கள் எரிகிற மாதிரி.

"என்ன நினைக்கறீங்க?" என்றார் கண்காணிப்பாளர்.

"பயங்கரமான ஆளுங்கய்யா" என்றார் சாட்சிக்காரர். "வர்றது போறதுன்னு விட்டா சரிப்படாது. காலை ஏழுலேருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும் ஆள் கூடவே இருக்கணும்."

உத்தரவு அங்கேயே, லிஃப்ட்காரரின் கட்டில் மேல் வைத்துக் கையெழுத்தானது.

அதன் பிறகு பத்தொன்பது நாள். சந்தேகத்துக்குரிய அந்தக் குற்றவாளியை சாட்சிக்காரர் தினம் பன்னிரண்டு மணி நேரம் கவனித்தார். கஞ்சி வைத்துக் கொடுத்துக் கவனித்தார். முதுகுக்குத் தலையணை மாற்றி மாற்றி வைத்துக் கவனித்தார். வலி டாக்டரம்மாவைக் கூப்பிட்டுவந்து காட்டினார். ஞாயிற்றுக்கிழமை போனை லிஃப்ட்காரரின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். "யாருடா பக்கத்துல?" என்றாள் அக்கா. "எனக்குக் காவல் போட்டிருக்காங்கக்கா" என்று சொல்லி லிஃப்ட்காரர் சிரித்தார். என்னமோ, அக்காவும் அன்றைக்கு முழங்காலைப் பற்றிப் பேசவே இல்லை. கண்காணிப்பாளர் வாராவாரம் பதிவேட்டின் நீளத்தைப் பார்த்து மகிழ்ந்தார்.

இருபதாம் நாள் மதியம் லிஃப்ட்காரருக்கு மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. சாட்சிக்காரர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். "இருக்கீங்களா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர். "எங்க போறது? டூட்டி ஏழு மணி வரைக்கும்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை இரண்டு நாற்பதுக்கு இறங்கிக்கொண்டது.

நோயாளி முடிந்தால் கோப்பும் முடிய வேண்டும். கோப்பை மூடும்போது கடைசிப் பக்கத்தை மட்டும் கண்காணிப்பாளர் படித்தாக வேண்டும் என்பது விதி. விழுங்கல் சாட்சி வைத்த முதல் கோப்பு இதுதான் என்பதால், இருபது வருஷ உத்தியோகத்தில் அவர் முதல்முதலாகப் படித்த குறிப்பு அது.

"பிற்பகல் 2.40. நோயாளி இறந்தார். மிச்சமுள்ள மாத்திரைகள் எண்ணப்பட்டன, சரியாக உள்ளன. அடிமைத்தனம் ஏதுமில்லை. பிற்பகல் 3.00. நோயாளி தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. சாட்சி இரண்டு கோப்பை போட்டார். மாலை 7.00. சாட்சி புறப்பட்டார்."

கண்காணிப்பாளர் சிவப்பு மையில் இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டு, விளக்கம் கேட்டு ஓலை அனுப்பினார். கண்காணிக்க ஆள் இல்லாத நிலையில் 2.40 முதல் 7.00 வரை சாட்சி அந்த அறையில் யாரைக் கண்காணித்தார்? இரண்டாவது கோப்பை யாருக்கு?

மூன்று வேலை நாளுக்குள் பதில் கொடுக்கச் சொல்லியிருந்தது. சாட்சிக்காரர் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.